உள்ளளவா, வெளியளவா? வீட்டு பிளானை நாமே கணினியில் வரையும்போது சறுக்கும் இடங்கள்

சனிக்கிழமை காலை ஏழரை மணி. 30-க்கு 40 மனையில் புல் செதுக்கி, நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்தாகிவிட்டது. மேஸ்திரி கையில் நூல்கண்டு. வீட்டுக்காரர் செல்போனில் பிளானைத் திறந்து நீட்டுகிறார். கல்லூரியில் படிக்கும் மகள் இரண்டு மாதமாக இரவெல்லாம் உட்கார்ந்து லேப்டாப்பில் வரைந்த பிளான் அது. ஹாலில் சோபா, கிச்சனில் ஃபிரிட்ஜ், ஜன்னலில் திரைச்சீலை என எல்லாமே 3டி-யில் பளிச்சென்று தெரிகின்றன.

மேஸ்திரி படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கிறார். "படம் நல்லா இருக்கு பாப்பா. ஹாலு 12 அடின்னு போட்டிருக்கியே... அது உள்ளளவா, வெளியளவா?"

மகள் அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா மகளைப் பார்க்கிறார். பூமி பூஜைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், சொந்தமாக பிளான் வரைந்து பார்க்கும் எந்தக் குடும்பமும் ஒருநாள் சந்திக்க வேண்டிய கேள்வி இது. முன்பெல்லாம் பிளான் என்றால் இன்ஜினீயர் வரைந்து தருவதுதான். இப்போது ஸ்வீட் ஹோம் 3டி போன்ற இலவச மென்பொருள்கள், பிரவுசரிலேயே திறக்கும் ஸ்கெட்ச்அப் எனப் பல வசதிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு வாரம் பழகினால் யாரும் வரையலாம். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, "கிச்சனை இந்தப் பக்கம் தள்ளு" என்று பேசி முடிவெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மேஸ்திரி கேட்ட கேள்வியை மென்பொருள் கேட்காது. கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு, அழகாக வரைந்து கொடுத்துவிடும். தப்பு இருப்பது நூல் பிடிக்கும் அன்றைக்குத்தான் தெரியும். சில வீடுகளில், சுவர் எழும்பிய பிறகே தெரியும்.

எங்கெல்லாம் சறுக்கும், எப்படிச் சரிசெய்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. சுவரின் நடுக்கோடு

ஸ்வீட் ஹோம் 3டி-யில் சுவர் வரையும்போது, கோடு செல்வது சுவரின் நடுவில். தடிமன் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரியும். நம் ஊரில் வெளிச்சுவர் 9 இன்ச். ஆக, கோட்டுக்கு உள்ளே நாலரை இன்ச், வெளியே நாலரை இன்ச்.

மகள் ஹாலுக்கு 12 அடி என்று நீளம் கொடுத்திருந்தால், இரண்டு பக்கமும் 9 இன்ச் சுவர் வரும்போது உள்ளே கிடைப்பது 11 அடி 3 இன்ச்தான். முழுதாக 12 அடி உள்ளளவு வேண்டுமென்றால், கொடுக்க வேண்டிய நீளம் 12 அடி 9 இன்ச்.

வெளிப்பக்கம் இதைவிடப் பெரிய சிக்கல். 30 அடி அகல மனையில் இரண்டு பக்கமும் 3 அடி விட்டு, 24 அடி அகலத்தில் வீடு என்று வைத்துக்கொள்வோம். நீளம் 32 அடி. மென்பொருளில் 24, 32 என்றே கொடுத்தால், வெளியளவு 24 அடி 9 இன்ச், 32 அடி 9 இன்ச் ஆகிவிடும். பக்கத்தில் 3 அடி விட்டதாக நினைத்த இடம் 2 அடி ஏழரை இன்ச்சாகச் சுருங்கிவிடும்.

பணக்கணக்கும் மாறும். 24-க்கு 32 என்றால் 768 சதுர அடி. அதுவே 24 அடி 9 இன்ச், 32 அடி 9 இன்ச் என்றால் சுமார் 810 சதுர அடி. 42 சதுர அடிக்கு மேல் கூடுதல். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று பேசியிருந்தால், ஒரு லட்சத்துக்கும் மேலான செலவு யாரும் கேட்காமலே பிளானுக்குள் புகுந்துவிடுகிறது.

தீர்வு எளிது. வெளியளவு 24 அடி வேண்டுமானால் 23 அடி 3 இன்ச் என்று கொடுக்க வேண்டும். வரைந்து முடித்ததும் அளவுக்கோடு போடும் கருவியை எடுத்து, சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு ஒருமுறை, உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு ஒருமுறை அளந்து, இரண்டு எண்களும் பிளானில் தெரியும்படி வைத்துவிட வேண்டும்.

2. வரையத் தொடங்கும் முன் மூன்று செட்டிங்

"எல்லாம் சரியாத்தான் வரைஞ்சேன். கடைசியில் சுவர்த் தடிமனை மாற்றினேன், எல்லா ரூமும் சின்னதாகிவிட்டது" என்பது புதிதாக வரைபவர்களுக்கு நேரும் இன்னொரு குழப்பம். காரணம் அதே நடுக்கோடுதான்.

ஸ்வீட் ஹோம் 3டி தானாகக் கொடுக்கும் சுவர்த் தடிமன் 7.5 செ.மீ., அதாவது ஏறக்குறைய 3 இன்ச். சுவரின் உயரம் 250 செ.மீ., அதாவது சுமார் 8 அடி 2 இன்ச். நம் ஊர் செங்கல் சுவருக்கும், 10 அடி உயரத்தில் தளம் போடும் வழக்கத்துக்கும் இது பொருந்தாது. 3 இன்ச் சுவரை வைத்து முழு வீட்டையும் வரைந்துவிட்டு, பிறகு 9 இன்ச்சாக மாற்றினால் ஒவ்வோர் அறையிலும் 6 இன்ச் காணாமல் போகும்.

அதனால் முதல் கோடு போடும் முன்பே ப்ரிஃபரன்ஸ் பகுதிக்குப் போய் மூன்றை மாற்றிவிட வேண்டும். அளவு அலகு: அடி-இன்ச். புதிய சுவரின் தடிமன்: 9 இன்ச். உயரம்: 10 அடி. உள்சுவர்களை வரையப்போகும்போது தடிமனை நாலரை இன்ச்சாக மாற்றிக்கொள்ளலாம். இந்த செட்டிங் இனிமேல் வரையும் சுவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே வரைந்தவற்றைத் தனியாகத் தேர்வு செய்துதான் மாற்ற வேண்டும்.

சுவரின் நீளத்தை மவுஸால் இழுத்துச் சரிக்கட்ட வேண்டியதில்லை. வரையும்போதே என்டர் கீயை அழுத்தினால் நீளத்தைத் தட்டச்சு செய்யும் கட்டம் வரும். இழுத்து வரைந்தால் 11 அடி 11¾ இன்ச் என்பதுபோல விசித்திரமான எண்கள் வரும். தட்டச்சு செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

3. 10.10 என்றால் எவ்வளவு?

இது நம் ஊருக்கே உரிய பொறி. மேஸ்திரி துண்டுச் சீட்டில் "10.6" என்று எழுதினால், அது 10 அடி 6 இன்ச். கட்டட வேலையில் எல்லோருக்கும் புரியும் மொழி அது. கணினிக்கு அது புரியாது. 10.6 அடி என்று கொடுத்தால், தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 10 அடி 7 இன்ச்சுக்குச் சற்று மேலே வரையும்.

ஒரு இன்ச்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் சீட்டில் "10.10" என்று இருந்தால்? மேஸ்திரிக்கு அது 10 அடி 10 இன்ச். கணினிக்கு அது 10.1 அடி, அதாவது 10 அடி 1 இன்ச் சொச்சம். கிட்டத்தட்ட 9 இன்ச் வித்தியாசம். ஒரு முழுச் சுவரின் தடிமன்!

எண்களைக் கொடுக்கும்போது அடிக்கும் இன்ச்சுக்கும் உரிய குறிகளோடு கொடுப்பதே பாதுகாப்பு. ஒருவர் சீட்டைப் படிக்க, இன்னொருவர் "பத்து அடி பத்து இன்ச்" என்று வாய்விட்டுச் சொல்லித் தட்டச்சு செய்வது இன்னும் பாதுகாப்பு.

மனையின் ஆவணங்களிலும் இதே கவனம் தேவை. பத்திரத்தில் பெரும்பாலும் அடிக்கணக்கு இருக்கும். புலப்படத்தில் மீட்டர் கணக்கு இருக்கும். 30 அடி என்பது 9.144 மீட்டர். அதை 9.1 என்று சுருக்கிக் கொடுத்தால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் இன்ச் போய்விடும். இரண்டு ஆவணங்களிலும் எண்கள் ஒத்துப்போகாவிட்டால், மென்பொருளை மூடிவைத்துவிட்டு முதலில் மனையை நாடா போட்டு அளப்பதுதான் சரி. நான்கு பக்கத்தோடு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். 30-க்கு 40 மனை கச்சிதமான செவ்வகமாக இருந்தால், மூலைவிட்டம் இரண்டும் சரியாக 50 அடி இருக்கும். இல்லையென்றால் மனை கோணலாக இருக்கிறது. பிளானையும் அப்படியே கோணலாகத்தான் வரைய வேண்டும்.

4. போட்டோவை வைத்து வரையும்போது

பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்கள், ஏற்கெனவே இருக்கும் பிளானைப் போனில் படமெடுத்து, அதைப் பின்னணியாக வைத்து மேலே வரைவது உண்டு. ஸ்வீட் ஹோம் 3டி-யில் இதற்கென்றே வசதி இருக்கிறது. படத்தை ஏற்றியதும், அதில் தெரிந்த நீளமுள்ள ஒரு கோட்டைக் காட்டி, அதன் உண்மையான அளவைச் சொல்லும்படி கேட்கும். மொத்த பிளானின் அளவும் அந்த ஒரு கோட்டை நம்பித்தான் நிற்கிறது.

இங்கே நடக்கும் தவறு, கதவைப்போல ஒரு சின்னப் பொருளைக் காட்டுவது. 3 அடிக் கதவில் ஒரு இன்ச் பிசகினால், 40 அடி நீளத்தில் அது 13 இன்ச் பிசகாக வளர்ந்து நிற்கும். எப்போதும் படத்தில் உள்ள மிக நீளமான பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

சாய்வாக எடுத்த போட்டோவில் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் தெரியும். எந்தக் கோட்டைக் காட்டினாலும் அளவு சரியாக வராது. பிளானை மேஜையில் தட்டையாக விரித்து, ஸ்கேன் செய்யும் ஆப்பில் எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

5. அறை நிரம்பவில்லையா? இடைவெளியைத் தேடுங்கள்

நான்கு சுவரும் வரைந்தாயிற்று. அறைக் கருவியை எடுத்து நடுவில் இரண்டு முறை கிளிக் செய்தால், அறையின் தரை தானாக நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை, அல்லது பக்கத்து அறையையும் சேர்த்துக்கொண்டு நிரம்புகிறது. மென்பொருள் கெட்டுவிட்டதா? இல்லை, எங்கோ ஒரு மூலையில் இரண்டு சுவர்கள் தொடாமல் நிற்கின்றன.

திரையில் தொடுவதுபோலத்தான் தெரியும். மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் முடி அளவு இடைவெளி இருக்கும். ஒரு சுவரின் நுனியைப் பிடித்து இழுத்து மற்றதன் நுனியில் ஒட்டவைத்தால் தீர்ந்தது.

அறையில் காட்டப்படும் சதுர அடியைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. இப்படித் தானாக நிரம்பும் அறையில் தெரிவது உள்தரையின் அளவு மட்டும்தான். சுவர் நிற்கும் இடம் அதில் சேராது. 24-க்கு 32 வெளியளவு வீட்டில், வெளிச்சுவர்களைக் கழித்தாலே மீதி 686 சதுர அடிதான். உள்சுவர்களைக் கழித்தால் இன்னும் குறையும். "கணினி 650 சொல்லுது, கான்ட்ராக்டர் 768-னு கணக்குப் போடுறார்" என்று சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது. இரண்டும் சரியான கணக்காக இருக்கலாம். எந்தக் கணக்குக்குக் காசு கொடுக்கிறோம் என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

6. மாடிப்படி ரப்பர் அல்ல

வீட்டு பிளான் மென்பொருள்களில் மாடிப்படி என்பது பெரும்பாலும் சோபா, கட்டில் மாதிரி ஒரு பொருள்தான். இழுத்தால் நீளும், அமுக்கினால் சுருங்கும். 6 அடி இடத்திலும் அடங்கி உட்காரும். 3டி-யில் அழகாகவும் இருக்கும். அதில் ஏறிப்போக முடியுமா என்பதை மென்பொருள் பார்ப்பதில்லை.

கணக்கை நாமே போட்டுவிடலாம். தரையிலிருந்து மாடித் தரை வரை 10 அடி, அதாவது 120 இன்ச். ஒரு படியின் உயரம் 7 இன்ச் அளவில் இருந்தால் 17 படி வரும். கால் வைக்கும் அகலம் படிக்கு 10 இன்ச். கடைசி ஏற்றம் மாடித் தரையிலேயே முடிவதால் 16 அகலங்கள் போதும். மொத்தம் 160 இன்ச். நேராகப் போகும் படிக்கு 13 அடி 4 இன்ச் நீளம் வேண்டும்.

நடுவில் லேண்டிங் வைத்து மடக்கினால், கீழ்ப்பகுதியில் 8 அகலம் வரும். அது 6 அடி 8 இன்ச். லேண்டிங்குக்கு 3 அடி சேர்த்தால், 9 அடி 8 இன்ச். இதற்குக் குறைவாக பிளானில் இடம் இருந்தால் படி செங்குத்தாகிவிடும். அந்தப் படியில் தினமும் ஏறி இறங்கப்போவது முழங்கால் வலியுள்ள பாட்டியும், துணி காயப்போடப் போகும் அம்மாவும்தான்.

கட்டில், பீரோ விஷயமும் இதே கதைதான். மென்பொருளின் பட்டியலில் உள்ள கட்டிலின் அளவு, உங்கள் வீட்டுக் கட்டிலின் அளவு இல்லை. வீட்டில் இருப்பதை நாடா வைத்து அளந்து, அந்த அளவையே கொடுக்க வேண்டும். பிறகு, கதவைத் திறந்தால் பீரோவில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை பிளானில் ஒரு வளைகோடு காட்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டரை அடியாவது இருந்தால்தான் ஒருவர் தாராளமாக நடந்து போக முடியும்.

7. மேற்கு வெயிலை முன்பே பார்க்கலாம்

பலர் கண்டுகொள்ளாத ஒரு வசதி, ஸ்வீட் ஹோம் 3டி பிளானில் இருக்கும் திசைகாட்டி. வாஸ்துவுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அதை இரண்டு முறை கிளிக் செய்து, வடக்கு எந்தப் பக்கம், வீடு இருக்கும் ஊர் எது என்று கொடுத்துவிட்டால், உயர்தரத்தில் போட்டோ எடுக்கும்போது தேதியையும் நேரத்தையும் மாற்றி வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்க முடியும்.

மே மாதம், மாலை 4 மணி என்று வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். குழந்தைகள் படிக்கும் அறையில் வெயில் நேராக அடிக்கிறதென்றால், ஜன்னலை நகர்த்தலாமா, சன்ஷேடை நீட்டலாமா என்று இப்போதே யோசிக்கலாம். கட்டி முடித்த பிறகு ஏ.சி. வாங்குவதைவிட இது மலிவு.

வடக்குத் திசையை மட்டும் கவனமாக வைக்க வேண்டும். போனில் உள்ள காம்பஸ் இரும்புக் கம்பி, மோட்டார் பைக் பக்கத்தில் இருந்தால் தவறாகக் காட்டலாம். மனையில் இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

8. கணினி திணறினால், ஃபைல் போய்விட்டால்

வீடு பாதி வரையும்வரை ஓடிய லேப்டாப், பொருள்களை அடுக்க அடுக்கத் திணறும். சுவர்களால் இந்தச் சுமை வருவதில்லை. இணையத்திலிருந்து இறக்கிய பூந்தொட்டி, கார், சரவிளக்கு போன்ற 3டி மாடல்களால்தான் வருகிறது. ஒரு பூச்செடியின் இலைகள் மொத்த வீட்டின் சுவர்களைவிடக் கணினிக்கு அதிக வேலை கொடுக்கும். அலங்காரத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திவைப்பதே இதற்கு மருந்து.

ஸ்கெட்ச்அப்பில் வரைபவர்களுக்கு மூன்று குறிப்புகள். ஒரு சுவரை இழுத்தால் பக்கத்துச் சுவரும் சேர்ந்து வந்தால், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி குரூப் ஆக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பரப்புகள் மினுமினுத்துக்கொண்டே இருந்தால், ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பரப்பு இருக்கிறது. ஒன்றை நீக்க வேண்டும். ஃபைல் பெருத்துப்போனால், பயன்படுத்தாதவற்றை நீக்கும் 'பர்ஜ்' வசதி மாடல் இன்ஃபோ பகுதியில் இருக்கிறது.

ஃபைல் திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். கணினியில் நிறுவிய ஸ்கெட்ச்அப், ஃபைலைச் சேமிக்கும்போது முந்தைய நிலையை ஒரு பேக்கப் ஃபைலாக வைத்திருக்கும். ஆட்டோகேட்டிலும் அப்படித்தான். பி.ஏ.கே. என்று முடியும் ஃபைலை டி.டபிள்யூ.ஜி. என்று பெயர் மாற்றினால், முந்தைய பிளான் திறந்துவிடும். ஸ்வீட் ஹோம் 3டி-யில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகச் சேமித்து வைக்கும் வசதி ப்ரிஃபரன்ஸில் இருக்கிறது.

இதையெல்லாம்விட நம்பகமான பழக்கம் ஒன்று உண்டு. பெரிய மாற்றம் செய்யும் முன் ஃபைலைப் புதிய பெயரில் சேமிப்பது. 'வீடு-1', 'வீடு-2' என்று எண் போட்டுக்கொண்டே போகலாம். 'வீடு ஃபைனல்', 'வீடு புது ஃபைனல்' என்று பெயர் வைத்தால், ஒரு மாதம் கழித்து எது உண்மையான ஃபைனல் என்று வரைந்தவருக்கே தெரியாது.

9. இன்ஜினீயரிடம் போகும் ஃபைல்

குடும்பம் வரைந்த பிளானை இன்ஜினீயர் ஆட்டோகேட்டில் மறுபடி வரைவார். அங்கிருந்து வரும் ஃபைலை வீட்டில் திறந்தால், வீடு மைதானம் அளவுக்குப் பெரிதாகத் தெரிவது உண்டு. மில்லிமீட்டரில் வரைந்த ஃபைலை இன்ச்சாக எடுத்துக்கொண்டால், எல்லாம் 25.4 மடங்கு பெரிதாகும். யூனிட்ஸ் பகுதியைச் சரிபார்த்தால் தீரும். ஃபைல் பழுதென்று சொன்னால் 'ஆடிட்', 'ரெக்கவர்' ஆகிய இரண்டு கட்டளைகளை முதலில் முயன்று பார்க்கலாம்.

எப்போதும் பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். வாட்ஸ்அப்பில் பிளானை போட்டோவாக அனுப்பினால் எண்கள் மங்கி, 3 என்பது 8 போலத் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும்.

பிரின்ட் எடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் அதை நீக்கிவிட்டு, 100 சதவிகித அளவில் எடுக்கச் சொல்ல வேண்டும். 1-க்கு 100 என்ற அளவில் அச்சான பிளானில் 30 அடி மனையின் அகலம், ஸ்கேல் வைத்து அளந்தால் 9.1 செ.மீ. வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தத் தாளில் ஸ்கேல் வைத்து அளந்து யாரும் வேலை பார்க்கக் கூடாது. எழுதிய எண்ணை மட்டும்தான் பின்பற்ற வேண்டும்.

10. கையெழுத்து யாருடையது?

தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, தரைத்தளம் அல்லது அதற்குமேல் ஒரு மாடி வரை, சுயசான்று முறையில் இணைய வழியில் உடனடி அனுமதி பெறலாம். 30-க்கு 40 மனையில் கட்டும் குடும்பங்களுக்குப் பெரிய வசதி இது. அலைச்சலும் காத்திருப்பும் குறைகின்றன.

அதே சமயம், 'சுயசான்று' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதிகாரி வந்து அளந்து பார்த்துத் தப்பைச் சுட்டிக்காட்டும் கட்டம் முன்கூட்டியே வருவதில்லை. பிளானில் சொன்னது சரி என்று சான்று சொல்பவர் வீட்டுக்காரர்தான். பக்கத்தில் 3 அடி விட்டதாகச் சொல்லி, நடுக்கோட்டுக் குழப்பத்தால் 2 அடி ஏழரை இன்ச் விட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். "சாஃப்ட்வேர் அப்படிக் காட்டிச்சு" என்பது அங்கே எடுபடாது.

பில்லர் எங்கே வர வேண்டும், பீம் எவ்வளவு ஆழம், கம்பி என்ன கனம் என்பதெல்லாம் இந்த மென்பொருள்கள் சொல்லாதவை. 20 அடி ஹாலை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 3டி-யில் காட்டும். மேலே தளம் நிற்குமா என்று அதற்குத் தெரியாது. மண்ணைப் பார்த்து, சுமையைக் கணக்கிட்டுச் சொல்ல இன்ஜினீயர் கட்டாயம் தேவை. வீட்டில் வரைந்த பிளான், அவரிடம் நமக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் கருவி. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்யும்.

வானம் தோண்டும் முன் சரிபார்க்க...

* மனையின் நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் நாடாவால் அளந்தாயிற்றா?
* ஒவ்வோர் அறைக்கும் உள்ளளவு, வீட்டுக்கு வெளியளவு என்று தனித்தனியாக எழுதியாயிற்றா?
* எல்லா எண்ணும் அடி, இன்ச் குறியோடு இருக்கிறதா? 10.6 மாதிரி எழுதியது எங்காவது மிச்சம் உள்ளதா?
* ஒரு வரிசை அறைகளின் உள்ளளவையும் சுவர்த் தடிமன்களையும் கூட்டினால் வெளியளவு வருகிறதா?
* மாடிப்படிக்குப் படி எண்ணிக்கை, உயரம், அகலம் எழுதியாயிற்றா?
* பூச்சு வேலைக்குப் பக்கத்துக்கு அரை இன்ச் போகும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அலமாரி ஆர்டர் கொடுத்திருக்கிறோமா?
* இன்ஜினீயர் கடைசியாகப் பார்த்த பிளானும், மேஸ்திரி கையில் உள்ள பிளானும் ஒன்றுதானா? தாளின் மூலையில் தேதி இருக்கிறதா?

கூட்டிப்பார்க்கும் நான்காவது வரியை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. மேலே சொன்ன அளவுத் தவறுகள் பெரும்பாலும் அந்தக் கூட்டலில் மாட்டிக்கொள்ளும்.

அந்தச் சனிக்கிழமைக் காட்சிக்கே திரும்பினால், மகளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சுவர்க்கோடுகளைத் திருத்த இரண்டு மாலை போதும். திங்கள்கிழமை இன்ஜினீயரிடம் ஒருமுறை காட்டிவிடலாம். செவ்வாய்க்கிழமை பிரின்ட் எடுத்து, 100 சதவிகித அளவுதானா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். புதன்கிழமை பூஜை முடிந்து மேஸ்திரி நூலை எடுத்து, "ஹாலு எவ்வளவு பாப்பா?" என்று கேட்கும்போது, அவளிடம் முழுப் பதில் இருக்கும்.

"உள்ளளவு 12 அடிண்ணே. வெளியில பிடிச்சா 13 அடி 6 இன்ச்."